கந்தளாய்க்குப் போன கருவாடு

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும், தாகம் எடுக்கும், வெளியே போய் யாரையாவது சீண்டிவிட்டு வரலாம் போல இருக்கும். ஒரு பக்கம் நிரப்ப ஒரு பின்னேரம் போய்விடுகிறது. ஆனால் அந்தப் பக்கத்தை என்னாலே எழுத முடிகிறது என்பதற்காகவாவது எழுதத்தான் வேண்டும்.

எனக்கு அப்போது இருபது வயது. வாசிக்கத் தெரியாது. எங்கள் ஊர் சல்லியில் ஒருவருக்கும் இந்த விசயம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் அவ்வளவு நீளம். நாலு பேரை நக்கலடித்துச் சிரிக்க வைக்கிறவனுக்கு எழுத்துத் தெரியாது என்று யார் யோசிக்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூடம் போகாதவன் இல்லை. சண்டை தொடங்கினால் பள்ளிக்கூடம் மூடும். திறக்கிற நேரம் நாங்கள் வேறு ஊரில் ஒரு கோயில் மடத்தில் இருப்போம். திரும்பி வந்தால் வகுப்பறையில் அகதிகள் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போனால் ஆமி வந்து முகாம் போட்டுவிடும். போன இடமெல்லாம் வயதைக் கேட்டு என்னை அடுத்த வகுப்பில் ஏற்றிவிட்டார்கள். எழுத்து மட்டும் என்னோடு ஏறவில்லை. டவுனில் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடினாலும் ரியூசன் இருந்தது. எங்களுக்குக் கடற்கரை இருந்தது. தனி எழுத்துகள் கொஞ்சம் தெரியும், கூட்டினால் வராது. என் பெயரை மட்டும் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

அம்மா கருவாடு போடுகிறவ. அதைத் தம்பலகாமத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கூடவே வருவது என் கூட்டாளி. அவனும் அந்தப் பக்கக் கடைகளுக்கு மீன் கொண்டுபோகிறவன்.

அந்தக் காலத்தில் பஸ் பயணம் என்றால் பாதி நடை. சோதனைச்சாவடிக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அடையாள அட்டையைக் காட்டி, சாக்கை அவிழ்த்துக் காட்டி, வரிசையில் நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். வெறும் பஸ்ஸைத் தனியாகச் சோதித்து அனுப்புவார்கள். அந்தப் பக்கம் பல பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எது உன் பஸ் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் மேலே பெரிய சிங்களம், கீழே பெயின்ற் உரிந்த சின்னத் தமிழ்.

கூட்டாளி ஒவ்வொரு பஸ்ஸாகச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு நடப்பான். "கிண்ணியா! கந்தளாய்! தம்பலகாமம்! வா மச்சான், இதுதான்." பஸ்ஸோடு விட மாட்டான். சலூன், சவுக்கார விளம்பரம், எச்சில் துப்பாதே என்று எழுதிய சுவர், எல்லாம் வாசிப்பான்.

"செய்தி முடிஞ்சுதே?" என்று கேட்பேன். "முதலாம் வகுப்புப் பிள்ளையும் இப்பிடிக் கத்தாது. உன்னை வானொலிக்காரன் இன்னும் பிடிச்சுக்கொண்டு போகேல்லையே?"

அவன் பல்லைக் காட்டிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய்விடுவான்.

அந்த வருசம் டவுனில் இருந்து ஒரு ரீச்சர் வந்து, கருவாடு போடும் கொட்டிலான வாடியில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினா. அம்மாவும் போனா. ரீச்சர் ஆடு, மாடு என்று தொடங்கவில்லை. "உங்களுக்கு எந்தச் சொல் தேவை?" என்று கேட்டிருக்கிறா. டவுனுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஆசுபத்திரிக்கும் அலைகிற பெண்கள், பஸ்ஸின் பெயர் வேண்டும் என்றிருக்கிறார்கள். பிள்ளையின் பெயரை எழுத வேண்டும் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ரீச்சர் மட்டையில் ஊர்ப்பெயர்களை எழுதித் தூக்கிப் பிடிப்பா, இவர்கள் ஒன்றாகக் கத்துவார்கள்.

நான் கிடுகு வேலிக்கு வெளியே நின்று கொண்டக்டர் மாதிரிக் கூவுவேன். "ரிக்கற், ரிக்கற்! உள்ளுக்குப் போங்கோ அக்காமார்! கிழவியள் முன்னுக்கு!"

மண்ணை அள்ளி எறிவார்கள். நான் ஓட மாட்டேன். கிடுகு ஓட்டைக்குள்ளால் அந்த மட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நக்கல் அதற்கு ஒரு சாட்டு.

ஒருநாள் கூட்டாளிக்குக் காய்ச்சல். கருவாட்டுச் சாக்கோடு தனியாகப் போனேன். டவுனில் கொண்டக்டர் கூவியதைக் கேட்டு நான் ஏறிய பஸ்ஸில் சாரதிக்கு முன்னால் சிவப்புப் பிளாஸ்ரிக் மாலை தொங்கியது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு இறங்கினேன். சோதனை முடிந்து வந்தேன். சிவப்பு மாலை நின்றது, ஏறிக் குந்தினேன். அதே மாலை இன்னொரு பஸ்ஸிலும் தொங்கும் என்று எனக்குத் தெரியாது.

பஸ் தம்பலகாமத்துக்குத் திரும்பவில்லை, நேரே போனது. கொண்டக்டர் வந்தார், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்கிறவர். "எங்க மல்லி? கந்தளாய்தானே?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து, பிழையான பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம். பஸ் நிறைய ஆட்கள். பலகை பார்க்கவில்லையா என்று ஒருவராவது கேட்பார்கள். முகம் சுட்டது.

"ஓம்," என்றேன். "கந்தளாய்தான்."

கந்தளாயில் இறங்கியபோது திரும்பிப் போகும் பஸ் இல்லை. இருட்டினால் சாவடியில் வழியையும் மூடிவிடுவார்கள். ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் பின்பக்கத்தில் படுக்க இடம் தந்தார். கருவாட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

ஒரு பொடியன் வீட்டுக்கு வராமல் விட்டால் அந்த வருசங்களில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. மற்றநாள் நான் சல்லியில் இறங்க, அம்மா வாடிக்கு முன்னால் மண்ணில் இருந்தா. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு என் கூட்டாளி பக்கத்தில். காய்ச்சலோடு அம்மாவை ஆமிக் காம்ப் காம்பாகக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான்.

"எங்கையடா போனனீ?" என்று எழும்பி வந்தா அம்மா.

"கந்தளாய்க்கு. ஒரு பெட்டையைப் பார்க்க."

அடித்தா. இரண்டு கன்னத்திலும். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு கடதாசித் துண்டை அவிழ்த்து என் கையில் வைத்தா.

"காம்ப் வாசல்ல பேரைக் கேட்டவங்கள். நானே எழுதிக் குடுத்தனான். அவனுக்குத் தமிழ் தெரியாதாம். திருப்பித் தந்திட்டான்."

என் பெயர். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசி எழுத்து கடதாசி விளிம்பில் நசிந்து கிடந்தது. அம்மா வகுப்புக்கு வெளியே முதல்முதலாக எழுதியது. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல்லை, என்னைக் காணவில்லை என்று சொல்லத்தான் அவ எழுதியிருக்கிறா. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பெட்டைக் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். கூட்டாளி எழும்பினான். போர்வையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த வகுப்பன்று வேலிக்கு வெளியே நிற்காமல் உள்ளே போனேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மூலையில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"என்ன தம்பி," என்றா ஒரு அக்கா, "கந்தளாய்க்காரிக்குக் காயிதம் எழுதவோ படிக்க வந்தனீர்?"

"ரிக்கற் எடுத்தனீரோ?" என்றா இன்னொருவ. வாடி முழுக்கச் சிரிப்பு.

இப்போது நக்கல் என் மேல் விழுந்தது. வாழ்க்கையில் முதல்தடவை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை நெடுநேரம் பார்த்தா. பிறகு எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, தன்னுடைய சிலேற்றைப் பாதி என் பக்கம் தள்ளினா. ரீச்சர் ஒரு மட்டையைத் தூக்கினா. எல்லோரும் கத்தினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், ஒரு எழுத்துப் பிந்தி, வாய்க்குள்ளே கத்தினேன்.

சில மாதங்கள் கழித்து நானும் கூட்டாளியும் திரும்பவும் அந்தச் சாவடியைத் தாண்டி நடந்தோம். அவன் வாயைத் திறக்க முன்னம் கையைப் பிடித்து நிற்பாட்டினேன். முதலாவது பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். உரிந்த தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். அதற்குள் பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

"தம்... ப... ல... கா... மம்."

அவன் பலகையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மச்சான், இவ்வளவு நாளும் எனக்கு வாசிக்கத் தெரியாதடா."

அவன் என் சாக்கைத் தூக்கிப் படியில் வைத்தான்.

"தெரியுமடா, இல்லாட்டி நான் என்ன விசரனே, ஒவ்வொரு பஸ்ஸாக் கத்திக் கத்தி வாசிக்க?"