தேய்த்துப் பளபளப்பாக்கிய குழாய்

ஆய்வகத்தில் அவளுக்கு ஊசியக்கா என்றே பெயர். உலோகத் துண்டை அயனிக் கதிரால் செதுக்கி, கண்ணுக்கே தெரியாத ஊசியாக்குவது அவள் வேலை. அதை அணுத் துழாவிக் கருவிக்குள் வைத்து மின்னழுத்தம் ஏற்றினால் நுனியிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். எந்த அணு எங்கே இருந்தது என்று கணினி படம் போட்டுக் காட்டும். மற்றவர்கள் செய்த ஊசி பாதியிலேயே ஒடிந்து மானத்தை வாங்கும். அவள் ஊசி மட்டும் சொன்னபடி கேட்கும். வீட்டில் பொத்தான் தைக்க மட்டும் தம்பிதான் வர வேண்டும். நூல் கோக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

அன்று வந்தது தம்பி வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஒரு குழாய்த் துண்டு. கொதிக்கும் அமிலம் ஓடும் குழாயைப் பராமரிப்புக்காக நிறுத்தியபோது வெட்டியது. அந்த உலோகத்தை உலையில் சுட்டு, உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஆக்சைடு படலம் வளர்த்திருப்பார்கள். அமிலத்துக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கிற ஒரே காவல் அதுதான்.

படம் வந்தது. அங்கங்கே பெயருக்குக் கொஞ்சம் ஆக்சிஜன், மற்றபடி வெறும் உலோகம். தன் கைதான் தவறிவிட்டதோ என்று வேறொரு ஊசி செய்து பார்த்தாள். அதிலும் அதே கதைதான். தலைமை விஞ்ஞானி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். உலையில் கோளாறு, படலம் வளரவே இல்லை என்றார்.

துண்டு பளபளவென்று வந்தபோதே அவள் கேட்டிருக்க வேண்டும். தம்பி அனுப்பியதாயிற்றே என்று விட்டுவிட்டாள். இப்போது சந்தேகம் தட்டி, அவனுக்குப் போன் போட்டாள். துண்டை ஏதாவது செய்தாயா என்று கேட்டதும் அவன் சிரித்தான்.

"உன் கைக்கு வர்ற துண்டாச்சேக்கா, அழுக்கோட அனுப்புவேனா? உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சுதான் அனுப்பினேன்."

உலையில் கோளாறில்லை என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மக்கு, மடச்சாம்பிராணி என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது அழுக்கில்லை, குழாயைக் காப்பாற்றுவதே அதுதான் என்றாள். அவன் பக்கம் இயந்திர இரைச்சல் கேட்டது.

"அக்கா, குழாய் முழுக்க உள்ள அப்படித்தான் சாம்பலா இருந்துச்சு. ஆலையைச் சோதிக்க ஆள் வர்றாங்கன்னு மொத்தத்தையும் பிரஷ் விட்டுத் தேய்ச்சுட்டோம். காலையில அமிலமும் விட்டாச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ எங்கடா நிக்கிற?"

"அந்தக் குழாய்க்குக் கீழதான்."

அமிலத்தை நிறுத்தச் சொல், வெளியே ஓடு என்று அவள் போட்ட கூச்சலில் தலைமை விஞ்ஞானி எழுந்துவிட்டார். தம்பி ஓடவில்லை. உடன் வேலை செய்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.