கணினி அடித்த முதல் பட்டியல்

எங்கள் பள்ளிக்குக் கணினி வந்த அன்று அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் தலைமையாசிரியர். சூலூரை ஒட்டிய கிராமத்துப் பள்ளி அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே தற்காலிகக் கணக்கு ஆசிரியை. கோயம்புத்தூரில் ஆறு மாதம் கணினி படித்திருந்ததால் அந்த அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டு, திரையில் வெளிச்சம் வந்ததும் தலைமையாசிரியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாளாளர் பூரித்துப்போனார். "பழசையும் உடாம, புதுசையும் உடாம கொண்டுபோறாருங்க நம்ம ஹெட்மாஸ்டர்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

நம்பக் காரணம் இருந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். வந்த முதல் வாரமே பிரம்புகளை எல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நின்றுபோயிருந்த இறைவணக்கப் பாட்டை மறுபடி பாட வைத்தார். வாரம் ஒரு பாடவேளை ஒவ்வொரு வகுப்பும் கணினி அறைக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

பள்ளிக் கழிப்பறையைக் கழுவ ஆள் கிடையாது. தெற்குத் தெருப் பிள்ளைகளைத்தான் அவ்வப்போது யாராவது ஓர் ஆசிரியர் கூப்பிட்டுக் கழுவச் சொல்வார். ஊர் தாழ்த்தி ஒதுக்கி வைத்திருந்த சாதியின் தெரு அது. யாரும் எழுதி வைக்காமலே நடந்துவந்த வழக்கம். இது ஒழுங்கில்லாமல் இருப்பதாகத் தலைமையாசிரியருக்குப் பட்டது. ஒருநாள் பதினொரு பெயர்கள் எழுதிய தாளோடு கணினி அறைக்கு வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இதையக் கிழமை வாரியா அழகா அடிச்சுக் குடுத்துருங்க. மேல சானிடேஷன் குரூப்னு போட்டுருங்க. இனி யாரும் வாயில சொல்லிட்டுத் திரிய வேண்டீதில்ல பாருங்க."

பதினொரு பிள்ளைகளும் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். அடித்தேன். எங்கள் கணினியிலிருந்து முதன்முதலில் அச்சாகி வெளியே வந்தது அந்தப் பட்டியல்தான். ஓரத்துத் துளைக் காகிதத்தைக் கிழித்துச் சீராக்கிக் கொடுத்தேன். கோடுகள் நேராக வந்திருக்கின்றன என்று அவர் பாராட்டியபோது மகிழ்ந்தேன்.

பட்டியலில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அவளுடைய முறை வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளை. அவள் வகுப்பு கணினி அறைக்கு வருவதும் அதே வேளைதான். தோழிகள் விசைப்பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் வாளியோடு மைதானத்தைக் கடப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். அடுத்த பாடவேளையில் கணக்கு நோட்டை நீட்டினாள். விரல்களில் பிளீச்சிங் பவுடர் வாடை. நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்தாள். அதற்குப் பிறகு நோட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள்.

மூன்றாவது வாரம் அவளுடைய அம்மா வந்தார். நூல் மில் வேலைக்காரர். தலையில் ஒட்டிய பஞ்சுத் துகள்கூட உதிராமல் மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். அறிவிப்புப் பலகையில் தொங்கிய தாளைக் காட்டி, "இதுல எம்புள்ள பேர அடிச்சது நீங்களாங்க?" என்று என்னைக் கேட்டார். தலையசைத்தேன். "உங்க டீச்சர்தான் நல்லா சொல்லித் தாராங்கன்னு அவ தெனமும் சொல்லுவாளுங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

தலைமையாசிரியர் அவருக்கு நாற்காலி போட்டார். "கோவப்படாதீங்க அம்மணி. இது சேவைங்க. புள்ளைங்களுக்கு நல்ல பழக்கம் வரும்."

"சேவைன்னா எல்லாப் புள்ளைங்களும் செய்யட்டுங்க. தாளாளர் ஊட்டுப் பேரனும் இங்கதானுங்க படிக்கறான்?"

தலைமையாசிரியர் சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே, அந்த அம்மா கேட்காமலே மகளின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஊதி மை காயவைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அடுத்த மாதப் பட்டியலை அடிக்கச் சொன்னபோது, வருகைப் பதிவேடுகளை எடுத்து எல்லா வகுப்புப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக அடித்தேன். தாளாளரின் பேரனுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. என்மேல் இருந்த நம்பிக்கையில் தலைமையாசிரியர் படிக்காமலே கையெழுத்திட்டார். மதியத்துக்குள் வாசலில் மொபெட்டுகளும் புல்லட்டுகளும் நின்றன. "எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு இது என்ன தலையெழுத்துங்க?" என்று ஒருவர் உண்மையிலேயே கண் கலங்கினார். மறுநாள் காலை கழிப்பறைக்கு ஆள் போட்டாகிவிட்டது. ஒரே இரவில் முடிகிற காரியமாகத்தான் அது எப்போதும் இருந்திருக்கிறது. கழுவ வந்த பெண்மணியும் தெற்குத் தெருதான்.

"புதுமை வேணுந்தானுங்க டீச்சர். ஆனா ஊருக்குன்னு ஒரு பழக்கம் இருக்குதல்லங்க?" என்று மட்டும் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார். கோடை விடுமுறைக்குப் பின் என்னை வரச் சொல்லவில்லை. அந்தப் பெண் எந்தப் பள்ளியில் சேர்ந்தாள், சேர்ந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

போன வருடம் தலைமையாசிரியருக்குப் பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். பொன்னாடைகளுக்கு நடுவே தளர்ந்த, கனிந்த முகம். மைக்கைப் பிடித்து அதே மெல்லிய குரலில் சொன்னார்: "இந்தச் சுத்துவட்டாரத்துல புள்ளைங்கள கக்கூஸ் கழுவ உடாம, அதுக்குன்னு தனியா ஆள் போட்ட மொதப் பள்ளிக்கூடம் நம்முதுதானுங்க."

மண்டபம் கைதட்டியது. நாலைந்து முறை தட்டிய பிறகுதான் என் கைகளும் தட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.