சுவை என்று பெயர் வைத்தவர்

பழனி ரோட்டில் சிறுமலை வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து போன். "அய்யா, செலின் மேடம் போயிட்டாங்க." "எங்கே?" என்று கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பழக்காரர் கடைசி விலையைச் சொல்லிக்கொண்டே இருக்க, வாங்காமல் நடந்தேன்.

செலின் இயற்பியல் துறை, நான் தமிழ்த் துறை. கல்லூரி மலரில் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள், மீதிப்பேர் திட்டு வாங்கியவர்கள். நான் இரண்டாவது கட்சி. தமிழில் ஒரு பக்கம் எழுதி நீட்டி, "எங்கயாச்சும் பூ வெச்சிருந்தா எடுத்துருங்க தமிழய்யா" என்பார். அவருக்கு அலங்காரமே ஆகாது. நான் ஓர் அடைமொழியைச் சேர்த்துவிட்டால் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

தமிழ்வழி மாணவர்களுக்குத் துகள் இயற்பியலையும் தமிழிலேயே நடத்த வேண்டும் என்று பாடம் எழுதினார். பாடத்திட்டக் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பகுதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். அகரம், தாடிக்கொம்பு பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் புரியாமலே மனப்பாடம் செய்து எழுதும். தமிழைச் சரிபார்த்தவன் என்பதால் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வெளியூர் உறுப்பினர் ஒருவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். புரோட்டானும் நியூட்ரானும் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை. குவார்க்கில் ஆறு வகை. அந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளேவர்' என்று பெயர். செலின் 'சுவை' என்று எழுதியிருந்தார். "அப்ப குவார்க்கை நக்கிப் பாக்கணுமாம்மா?" என்றார் அவர். மேசையே சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை செலின் பொறுத்திருந்தார். "ஃப்ளேவர்னு படிச்சப்ப நீங்க நக்கிப் பாத்தீங்களா சார்?" என்றார். "ரெண்டு விஞ்ஞானிக ஐஸ்கிரீம் கடையப் பாத்திருக்காக. ஐஸ்கிரீம்ல வகை வகையா ஃப்ளேவர் இருக்குல்ல, குவார்க் வகைக்கும் அதையே வெச்சுட்டாக. அவுக விளையாட்டா வெச்சத நாம பயபக்தியாச் சொல்றோம். தமிழ்ல சொன்னா மட்டும் சிரிப்பா?" எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

குழுத் தலைவர் உற்சாகமாக நிமிர்ந்தார். "ஆறுன்னா சொன்னீங்க? அப்ப அறுசுவை! நம்ம முன்னோர் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க. அப்படியே பாடத்துல போடுங்கம்மா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்." செலின் தலையாட்டினால் போதும், வேலை முடிந்தது. சரியென்று சொல்லுங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"வேணாம் சார்," என்றார் செலின். "முதல்ல மூணுதான் தெரிஞ்சுது, அப்புறந்தான் ஆறாச்சு. நாளைக்கு ஏழாவது ஒண்ணு வந்தா, முன்னோருக்குக் கணக்குத் தப்பிருச்சுன்னு எழுதுவோமா? வகுப்புல அறுசுவைன்னு சொல்லிப் பாத்தேன். ஒருத்தன் 'அப்'னு சொல்ற மேல் குவார்க் இனிப்பு, 'டவுன்'னு சொல்ற கீழ் குவார்க் புளிப்புன்னு எழுதிக் கொண்டாந்தான். இது வகைக்கு வெச்ச பேரு, அம்புட்டுத்தான். பொய்யச் சேத்துத்தான் பாடம் வரும்னா எனக்கு வேணாம்."

தலைவரின் முகம் சுண்டிப்போனது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். நக்கிப் பார்க்கணுமா என்று கேட்டாரே, அவர்தான் பேனாவைத் திறந்தார். "கையில கிடைச்ச ஒப்புதலையே வேணாங்கிறவங்க, தப்பா ஒரு வரி எழுதியிருக்க மாட்டாங்க" என்று முதல் கையெழுத்தைப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். பாடம் முழுசாகத் தமிழில் வந்தது. படியிறங்கும்போது, "என்ன தமிழய்யா, பயந்துட்டீகளா?" என்று கேட்டுச் சிரித்தார் செலின். எவ்வளவு பெருமையான சிரிப்பு அது!

மேடத்தின் அடக்கம் முடிந்து மாதா கோயிலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். அழுது வீங்கிய கண்களோடு இரண்டு மாணவிகள் நியூட்ரினோ என்ற இன்னொரு துகளைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். "நியூட்ரினோ வார வழியிலயே சுவை மாறிரும்டி, மேடம் சொன்னாங்கல்ல?" டீக்கடைக்காரர் பதறிவிட்டார். "சுவை மாறிருச்சா? இப்பத்தான தாயி பாலக் காய்ச்சுனேன்!" அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு ஐஸ்கிரீம் கடையில் தொடங்கி அவருக்கு முழுக்கதையும் சொன்னார்கள், தமிழில். "அப்ப வகைக்குப் பேருன்னு சொல்லுங்க" என்றபடி அவர் அடுத்த டீயை ஆற்றினார்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த 'வேணாம் சார்'. தமிழுக்குப் பெருமை என்று யாராவது ஒரு பொய்யை நீட்டினால், 'வேணாம் சார்' என்று சொல்லத் தமிழ்த் துறையில் இனி ஓர் ஆள் உண்டு.