ராணி இரண்டு வீட்டில் சாப்பிட்ட கதை

பிறர் வீட்டுச் சண்டையைக் கேட்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் தருகிற தொழில், பிள்ளைகள் பராமரிப்பு உத்தியோகம். அந்தக் கதிரையில் இருந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எழுபதுகளில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, பயந்து பயந்து திருகோணமலையில் வேலையேற்றேன். முதல் வழக்கு ஒன்பது வயது ராணி. தாய் விவாகரத்து எடுத்து, அன்புவழிபுரத்துத் தன் வீட்டிலேயே மறுமணம் செய்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தகப்பன், மகளைத் தன் குவார்ட்டர்சுக்குத் தரும்படி வழக்குப் போட்டிருந்தார். யாரிடம் விடலாம் என்று நான் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

கப்பல்

மனக்கவலையுள்ள பிள்ளை அதைப் படத்தில் காட்டும் என்று படித்திருந்தேன். நிறப் பென்சில்களைக் கொடுத்து, "உங்கட குடும்பத்தைக் கீறுங்கோ பிள்ளை" என்றேன். ஆளில்லாத கப்பல் ஒன்றைக் கீறினாள். தகப்பன் விட்டுப்போன துயரம் என்று எனக்கு நெஞ்சு கனத்தது. மெதுவாக விசாரித்தேன்.

"மனுசரைக் கீற எனக்கு வராது சேர். பள்ளிக்கூடத்தில கப்பல் மட்டும்தான் பழக்கினவை."

உப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் ராணி தகப்பனிடம் போவாள். திரும்பி வந்து தாயிடம், "அப்பா காய்ச்சிற கறி ஒரே உப்பு" என்பாள். தகப்பனிடம், "அம்மா இப்ப உப்பே போடுறேல்லை" என்பாள். இருவருக்கும் பரம திருப்தி. ராணிக்கு மட்டும் சனிக்கிழமை தோறும் வயிற்றுக்குத்து. டாக்டரால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. கடமை தவறாமல் நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் அருமை. பிறகேன் பொய் என்று கேட்டேன்.

"மற்ற வீட்டில ருசி எண்டு சொன்னா அம்மா அழுவா, அப்பா சாப்பிடமாட்டார். பிறகு ஆர் சேர் அவையைப் பாக்கிறது?"

வீடு

எங்கள் பக்கத்தில் தாயின் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். நான் மறந்த இந்த விஷயத்தை ராணி மறக்கவில்லை. யாரோடு இருக்க விருப்பம் என்று நீதிபதி கேட்டதும், "அது எனக்கு வரப்போற வீடு. நான் ஏன் வெளிக்கிட வேணும்? சண்டை பிடிக்கிறவை வெளிக்கிடட்டும்" என்றாள். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டு, தகப்பனை ஞாயிறுகளில் வந்து பார்க்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் தகப்பன் நேரே புது அப்பாவிடம் போனார். ராணி என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி," என்றார் தகப்பன், "ஞாயிற்றுக்கிழமை நானே வந்து காய்ச்சிறன். உங்கட குசினியில உப்பில்லையாம்."

மணமுறிவையும் மறுமணத்தையும் பிள்ளைகள் எப்படித் தாங்குகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு, என் பட்டமும் அனுபவமும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரே பதில்: பெரியவர்களைச் சமாளித்து.