ஐஸ் கட்டியிலும் முப்பத்தொன்று

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு போன். ஏழாயிரம்பண்ணை பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டாசு கம்பெனியின் ஃபோர்மேன் தங்கப்பாண்டி.

பட்டாசு கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை நேரத்தில் ஃபோர்மேன் போன் செய்கிறார் என்றால், அந்த வெயிலில் கேட் வரை நடந்து வந்திருக்கிறார் என்று அர்த்தம். நல்ல செய்தி சொல்ல யார் அப்படி நடப்பார்கள்?

"மேடம், உங்க பெட்டி சரியாத்தானே இருக்கு?"

என்ன பெட்டி என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் அண்ணனின் பருப்பு மண்டிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, சின்னச் சின்ன மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. பத்தி எழுதுவது பொழுதுபோக்கு. (அண்ணன் இரண்டையும் மாற்றிச் சொல்வார்.) தங்கப்பாண்டியின் கம்பெனிக்கு நான் செய்து கொடுத்தது, சூட்டை அளக்கும் பெட்டி. வெடிமருந்து அடைக்கிற ஷெட்டின் சுவரில் சென்சார். ஃபோர்மேன் ரூமில் பெட்டி. முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும். அடித்தால், ஷெட்டில் இருக்கும் நாலு பேரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நாலு உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

"ஏன், என்ன ஆச்சு?"

"இங்கன மாரீஸ்வரின்னு ஒரு அம்மா. அனலடிக்குது, உள்ள இருக்க முடியாதுன்னு வேப்பமரத்தடியில போயி உக்காந்துட்டாக. பெட்டி முப்பத்தொண்ணுதான் காட்டுது. மணியும் அடிக்கல. சொன்னாக் கேக்க மாட்டேங்காக. அவுகளப் பாத்துட்டு மத்த மூணு பேரும் எந்திரிச்சு நிக்காக. சீசன் நேரம் மேடம்... ஆர்டர் அம்புட்டும் நிக்குது."

"சூடா இருக்குன்னு எத வச்சுச் சொல்றாங்க?"

"செம்புத் தகட்டுல கை வைக்க முடியலையாம்."

ஷெட் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். சேலை உரசலில் வரும் ஒரு பொறி போதும் — மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாரீஸ்வரி பதினோரு வருஷமாக அந்தத் தகட்டைத் தொடுகிறவர்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'எல்லாரும் வெளியிலேயே இருக்கட்டும், பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்?

"மூணு வருஷமா ஓடுற புரோகிராம், தங்கப்பாண்டி. உள்ள இருக்க போர்டு மட்டும்தான் புதுசு. தப்பா காட்டாது."

"அது போதும் மேடம். நாளையில இருந்து வர வேணாம்னு அவுகட்ட சொல்லிர்றேன்."

போனை வைக்கும் முன் ஒரு பாராட்டு வேறு. "பழைய பெட்டி ஏறி எறங்கி ஆடிக்கிட்டே கெடக்கும். புதுசு அப்பிடி இல்ல. காலையில ஆறு மணிக்கும் முப்பத்தொண்ணு, இப்பவும் முப்பத்தொண்ணு. மூணு நாளா அசையாம நிக்குது!"

பாராட்டை ரசித்தபடி டீயை எடுத்தேன். பாதி டீயில்தான் உறைத்தது. காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் ஒரே சூடா? ஏழாயிரம்பண்ணையிலா?

மேஜையில் அதே மாதிரி இன்னொரு போர்டு இருந்தது. டிஸ்ப்ளேயில் முப்பத்தொன்று. சென்சாரை டீ கிளாஸில் ஒட்டிப் பிடித்தேன். முப்பத்தொன்று. ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டில் வைத்தேன். ஐஸ் கட்டியிலும் முப்பத்தொன்று.

தங்கப்பாண்டிக்கு போன் அடித்தேன். அது மரப்பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. சிவகாசியில் இருக்கும் ஆபீஸுக்கு அடித்தேன். "ஓனர் ஊர்ல இல்லங்க, வந்ததும் சொல்லிர்றோம்" என்றார்கள். அண்ணனின் கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையில் ஓட்டும்போதே தப்பு என்ன என்று புரிந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் பாடம்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரோகிராம் என்பது பல சின்ன வேலைகளின் கூட்டம். ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிட்டு, 'இந்தா சூடு, இதைக் காட்டு' என்று கொடுக்கும். எங்கே வைத்துக் கொடுக்கும்? சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சில குட்டி அறைகள் உண்டு. மெமரியில் ஸ்டாக் என்று ஓர் அடுக்கு உண்டு. கொடுப்பதை எதில் வைப்பது, பதிலை எங்கிருந்து எடுப்பது, எந்த அறையை இருந்தபடியே விட்டுவிட்டுப் போவது, முடிந்ததும் அடுக்கை யார் காலி செய்வது — எல்லாவற்றுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. காலிங் கன்வென்ஷன் என்பார்கள். நாம் எழுதுவது 'காட்டு' என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை இந்த ஏற்பாட்டின்படி சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர்.

இந்த ஏற்பாடு சிப்புக்குச் சிப்பு வேறு. பழைய முப்பத்திரண்டு பிட் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எல்லாம் அடுக்கில்தான் போகும். அதிலேயே, கூப்பிட்டவர் காலி செய்ய வேண்டுமா, கூப்பிடப்பட்டவர் காலி செய்ய வேண்டுமா என்று இரண்டு கட்சி. அறுபத்து நாலு பிட் வந்ததும் அறைகளுக்கு மாறினார்கள். சரி, ஒரே மாதிரியாவது மாறினார்களா? அதே சிப்பில் விண்டோஸ் முதல் நாலு எண்களுக்கு அறை கொடுக்கும். லினக்ஸ் ஆறுக்குக் கொடுக்கும். உங்கள் கையில் இருக்கும் செல்போனில் எட்டு.

யாரும் தப்பில்லை. அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில், மருந்து கலக்குகிறவர் கிண்ணத்தை நடுவில் உள்ள மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அடைக்கிறவர் வந்து எடுப்பார். பக்கத்துக் கம்பெனியில், அடைக்கிற ஷெட் வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இரண்டும் ஒழுங்காக நடக்கிறது. இங்கே கலக்குகிறவரையும் அங்கே அடைக்கிறவரையும் ஒன்றாகப் போட்டால்? கிண்ணம் ஒரு பக்கம் காத்திருக்கும், ஆள் ஒரு பக்கம் காத்திருப்பார்.

என் பெட்டியில் நடந்தது அதுதான். பழைய போர்டில் இருந்த சிப்பில் தசம எண்களுக்கென்று தனி அறை கிடையாது. சூடு முப்பத்தாறரை என்றாலும் சாதா அறையில்தான் வைக்கும். புது சிப்பில் தசம எண்களுக்குத் தனி அறைகள் உண்டு. அதனால் அந்தச் சிப்புக்குக் கம்பைலரிடம் இரண்டு வழக்கம்: பழையபடி சாதா அறை, அல்லது புதிய தனி அறை. சென்சாரோடு வந்த ரெடிமேட் புரோகிராம் பழைய வழக்கம். நான் என்னுடையதைப் புது வழக்கத்தில் கம்பைல் செய்துவிட்டேன். சென்சாரின் புரோகிராம் நிஜமான சூட்டைச் சாதா அறையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டது. என்னுடையது தனி அறையைத் திறந்து பார்த்தது.

தனி அறையில் என்ன இருந்தது? பெட்டியை ஆன் செய்ததும் டிஸ்ப்ளே சரியா என்று பார்க்க, நானே ஒரு மாதிரி எண்ணைக் காட்டச் சொல்லியிருந்தேன். அது அங்கேயே கிடந்தது. மூன்று நாளாக அதையே எடுத்து எடுத்துக் காட்டியிருக்கிறது. ஏன் முப்பத்தொன்று? ஃபேன் ஓடும்போது என் மாடி அறையின் சூடு அது! அதனால்தான் மேஜையில் வைத்து டெஸ்ட் செய்தபோது எனக்கும் கண்ணில் படவில்லை. பூஜ்யம் காட்டியிருந்தால் வாட்ச்மேன்கூடச் சிரித்திருப்பார். தப்பு தப்பாகத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம்... நம்பும்படி இருந்தால் என்ன செய்வது?

பொருந்தாத இரண்டைச் சேர்க்கும்போது கம்ப்யூட்டர் சும்மாவா இருந்தது என்று கேட்பீர்கள். அதை இன்னொருவரும் கேட்டார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. கேட்டுக்கு வெளியே ஒரு பெண் தூக்குவாளியோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேனிடம், "ஷெட்டுல இருக்கவங்கள உடனே வெளிய வரச் சொல்லுங்க, பெட்டி தப்பு" என்றேன்.

"நீங்க யாரு?"

"பெட்டியச் செஞ்சவ."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டே உள்ளே ஓடினார். மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். தங்கப்பாண்டி அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்துவந்து ஷெட் வாசலில் நிழலில் வைத்தார். நாற்பத்தொன்று.

ஒன்றும் ஆகவில்லை. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பி மூன்று பேர் முக்கால் மணி நேரம் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் செய்தி.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்தான் மாரீஸ்வரி. நானும் தங்கப்பாண்டியும் அவரிடம் போனோம்.

"தப்பு என்னோடதும்மா. பெட்டி தப்பா காட்டியிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்கங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மொதல்ல குடிங்கக்கா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. தகட்டத் தொட்டா கையி பொசுங்குது, அதத்தான் சொன்னேன். பெட்டிக்கு என்ன? அதுவா உள்ள வந்து உக்காரப் போகுது?"

குடித்தேன். அப்போதுதான் கேட்டார்.

"ஏக்கா, அம்புட்டுத் தப்பு... செய்யும்போதே ஒண்ணும் தெரியலையா?"

தெரிந்தது. இரண்டு புரோகிராம்களையும் ஒட்டிச் சேர்க்கும் லிங்கர் என்று ஒன்று உண்டு, கம்பைலரின் கூட்டாளி. 'இது தனி அறையில் கேட்கிறது, அது சாதா அறையில் தருகிறது, ஒட்டமாட்டேன்' என்று தெளிவாகச் சொன்னது. அது முந்தின வாரம் வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் பெட்டியை அனுப்ப வேண்டும். பொருந்தாவிட்டாலும் பேசாமல் ஒட்டு என்று சொல்ல ஓர் ஆப்ஷன் இருக்கிறது. போட்டேன். ஒட்டிவிட்டது.

இதையெல்லாம் அந்த வெயிலில் எப்படி விளக்குவது?

"கம்ப்யூட்டர் சொல்லுச்சும்மா, ரெண்டும் சேராதுன்னு. வாய மூடிட்டு வேலையப் பாருன்னுட்டேன்."

மாரீஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. தங்கப்பாண்டியைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சியும் எங்கிட்ட இதேதான்க்கா சொன்னாக!"

தங்கப்பாண்டி செருப்பைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன். நல்லவேளை, பஸ் வந்தது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துருங்கம்மா" என்றார் தங்கப்பாண்டி.

"வாரேன். தகடு சுட்டா மறுபடியும் எந்திரிப்பேன், பாத்துக்கங்க."

"எந்திரிங்க."

அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டேன். சென்சார் புரோகிராமையும் புது வழக்கத்திலேயே வாங்கிப் போட்டாயிற்று. மாதிரி எண் இப்போது தொண்ணூற்றொன்பது — இனி உளறினால் மணியடித்துக்கொண்டே உளறட்டும். வியாழக்கிழமை பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். பழையபடி ஏறி இறங்கி ஆடுகிறது.

நேற்று மத்தியானம் கேட்டிலிருந்து மறுபடி போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"மணி அடிச்சுச்சு மேடம். எல்லாரும் வெளிய வந்துட்டாக."

"மாரீஸ்வரி?"

"அவுகளா? அவுக மணி அடிக்கிறதுக்கு முந்தியே வேப்பமரத்தடிக்குப் போயிட்டாக!"