முடிஞ்ச மாதிரித்தான்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் தினமும் காலையில் நின்றபடியே ஒரு சின்னக் கூட்டம் நடக்கும். யாருடைய வேலை முடிந்ததோ, அவருடைய அட்டையைப் பலகையில் ‘முடிந்தது’ என்ற பக்கத்துக்கு நகர்த்துவது என் பொறுப்பு.

எங்கள் ஆட்கள் முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். “முடிஞ்ச மாதிரித்தான் அண்ணை” என்பார்கள். நானும் அட்டையை நகர்த்திவிடுவேன்.

அப்போது செய்துகொண்டிருந்தது, குளத்துக் கதவு திறக்கும் நேரத்தை விவசாயிகளுக்குச் செய்தியாக அனுப்பும் செயலி. சிறுபோக நெல் விதைப்புக்கு முன் கொடுக்க வேண்டும். அதைச் செய்யச் சொன்ன வாடிக்கையாளர் கொழும்பிலிருந்து காணொளியில் வந்து, எல்லாம் தயாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“முடியேல்லை அண்ணை. வட்டக்கச்சி ஆக்களுக்குப் போக வேண்டிய செய்தி துணுக்காய் ஆக்களுக்குப் போகுது,” என்று என்னிடம் சொன்னாள் நிரோஜா. அந்த வேலை அவளுடையது.

நான் அவரிடம் ஆங்கிலத்தில், கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றேன்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே,” என்றாள், குரலை உயர்த்தாமல். பிறகு உள்ளதைத் தானே ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். இப்போதாவது சொன்னீர்களே என்று திகதியைத் தள்ளிவைத்தார்.

மத்தியானம் மனைவி அழைத்தாள்.

“வேலை முடிஞ்சுதோ? சாப்பிட வாறீங்களோ?”

“முடிஞ்ச மாதி…” என்று தொடங்கியவன் நிறுத்தினேன். “இல்லை, முடியேல்லை. இன்னும் நேரம் செல்லும்.”

“அப்ப நான் சாப்பிடுறன்,” என்றாள்.

இவ்வளவு காலமும் நான் இப்போது வந்துவிடுவேன் என்று நம்பி அவள் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.