வலது கையைக் கொடுத்தவர்

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் அந்த ஆம்ப் ஒரு டிபன் கேரியரைவிடச் சற்றுப் பெரியது. கறுப்புப் பெட்டி, முகப்பில் சின்னத் திரை, அதன் பக்கத்தில் ஒரு குமிழ். குமிழைத் திருப்பத் திருப்ப ஒரே கிட்டார் வேறு வேறு கிட்டாராகும். ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒன்று அடுத்த தெருவில் தகரம் கிழிபடுவது போல, ஒன்று பெரிய கோவிலின் கூரையில் பட்டுத் திரும்புவது போல. குருசுக்குப்பத்தில் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை முதலில் பார்த்தேன். அருகே தங்கையின் கணவர் இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கையே வெளங்கல. இதுல பொட்டி ஒண்ணுதான் கொறச்சல்” என்றாள் தங்கை.

“கை வெளங்கலன்னுதான்டி பொட்டி” என்றார் அவர்.

அவருடைய வலது கை வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, டயாலிசிஸ் ஊசி போட வசதியாகக் கையில் ஒரு ரத்தக் குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார்கள். அதிகம் புழங்காத கையில்தான் தைப்பார்கள், அதுதான் நடைமுறை. டாக்டர் முறைப்படியே கேட்டார்: “எந்தக் கையால வேலை செய்வீங்க?” மாப்பிள்ளை தயங்காமல், “இடது கை, சார்” என்றார். பிறந்ததிலிருந்து வலது கையால் சாப்பிட்டு, எழுதி, சிலுவை போட்ட மனிதர். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஒப்புதல் படிவத்தில் இடது கையாலேயே கோணலாகக் கையெழுத்தும் போட்டார். அரசு அலுவலகத்தில் எத்தனையோ பொய்க் கையெழுத்துகளைப் பிடித்தவன் நான். சொந்தப் பெயரையே பொய்யாகப் போட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கத்தினேன். “கிட்டார்ல கம்பிய அழுத்திக் கார்டு புடிக்கறது இடது கைதான மச்சான்? அது போச்சின்னா எல்லாம் போச்சி. வலது கை சும்மா தேய்க்கறதுதான?” என்றார். அவருக்கு அது வெறும் கணக்கு. ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்தே எதையும் அப்படித்தான் பிரித்துப் பார்ப்பார்: கழற்றக்கூடியது, கழற்றக்கூடாதது.

தேய்க்கிற கையும் கை என்பது பிறகு தெரிந்தது. ரத்தம் குறுக்கு வழியில் போனதால் வலது விரல்கள் சில்லிட்டு மரத்தன. கம்பிகளை மீட்டும் பிக்கைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கையால் கனமும் தூக்கக்கூடாது என்றதால் பழைய பெரிய ஆம்ப் பரணுக்குப் போனது. அப்படி வந்ததுதான் இந்தப் பெட்டி. லேசாகத் தொட்டாலே போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அது பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கம்பிகளை வருடினால் ஒலி கிளம்பி, பாதியில் கழுத்தை நெரித்தது போல நின்றது. எந்த ஒலிக்கு மாற்றினாலும் அதே கதி. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் வியாதி எனக்கு உண்டு என்பதால் சாரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து என்னை வரவழைத்தார்கள். மூன்று மாலைகள் படித்தேன். உள்ளே ‘நாய்ஸ் கேட்’ என்று ஒரு வாயிற்காவலன் இருக்கிறான். வரும் ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், அது வெறும் இரைச்சல் என்று தீர்மானித்துக் கதவை அடைத்துவிடுவான். விதிப்படி சரிதான். மாப்பிள்ளையின் கை அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

காவலனை வேலையிலிருந்து நிறுத்தினேன். கதவு திறந்தது, கூடவே ஓயாத உஸ்ஸென்ற சத்தமும் வந்தது.

“இரையுதே மாப்ள.”

“இரையட்டும் மச்சான். உன் தங்கச்சியோட இத்தினி வருஷம் குப்ப கொட்டினேன். இது ஒரு இரைச்சலா?”

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளும் அடிக்கும், எல்லா வாத்தியங்களும் ஒலிக்கும். அது முடிந்தால் ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருவிழா வரை கோவிலில் மணியோ வாத்தியமோ கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த மௌனத்துக்கு முந்தைய கடைசிக் கார்டு இளவயதிலிருந்து அவருடையது. அதை இன்னொருவருக்கு விடமாட்டார்.

அவருக்கு டயாலிசிஸ் நாளும் வியாழன்தான். வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார். உடம்பில் தண்ணீர் சேரும், தள்ளிப்போடாதீர்கள் என்று நர்ஸம்மா சொன்னார். நானும் சொன்னேன். “ஒரு நாளுதான மச்சான்? உங்க ஆபீஸ்ல ஒரு நாள்ல எதாச்சும் நகந்திருக்கா?” என்றார்.

வியாழன் மாலை நாற்காலியில் உட்கார்ந்தே வாசித்தார். நான் தூணருகே நின்று அவர் வலது கையையே பார்த்தேன். தூசி தட்டுவது போன்ற அசைவு. பெட்டி அதை வாங்கிக் கூரைவரை அனுப்பியது. மணிகள் ஓய்ந்த பிறகும் இடது கை விரல்கள் கம்பிகளை அழுத்தியபடியே இருந்தன.

வெள்ளி காலை மருத்துவமனைக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, மூச்சு முட்டி இறந்தார்.

சனிக்கிழமை அடக்கம். அந்த நாட்களில் இறந்தவருக்குப் பூசை கிடையாது, பாட்டோ வாத்தியமோ கிடையாது. விதி எனக்குத் தெரியும். இளம் சாமியார் சங்கடத்தோடு, “அவருக்காக வேணும்னா, கல்லறையில ஒரே ஒரு பாட்டு...” என்று இழுத்து என்னைப் பார்த்தார். ஒரு விதிவிலக்குக்குத் தலையாட்ட வாழ்க்கையில் முதல்முறையாகத் தயாரானேன்.

“வேணாம் சாமி” என்றாள் தங்கை. “இந்த நாள்ல எவனாச்சும் கைதட்டுனாகூட சண்டைக்குப் போவாரு. அவருக்கே வாசிச்சா ஒத்துக்க மாட்டாரு.”

மண் விழும் சத்தத்தோடு புதைத்தோம்.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு, காலைப் பூசை. வானவர் கீதம் தொடங்கியதும் கிட்டார் ஒலித்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் நாற்காலி இருந்த இடத்தில் யாரும் இல்லை. கீபோர்டு வாசிக்கும் பெண் தலை குனிந்து கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். அதற்குள்ளும் ஒரு கிட்டார் இருக்கிறது போலும். சுத்தமான ஒலி, துளி இரைச்சல் இல்லை. சனம் முழுத் தொண்டையில் பாடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைச் சேலையில் பக்கத்தில் நின்ற தங்கை மட்டும் பாடவில்லை. “நல்லாதான் இருக்கு, இல்லண்ணா?” என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது.